ஆட்டோமேட்டிக் ஃபோர்-வீல் டிரைவ் வண்டியை இழுத்துச் செல்வது எப்படி? செட்டிநாட்டுப் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் பெரிய வண்டிகள் நிறைய. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வந்து சாவியைத் திருகினால் சத்தமே வராது. கூட்டத்தில் ஒருவர் "கயித்தக் கட்டுங்க, இழுத்துருவோம்" என்பார். மேனுவல் கியர், ரெண்டு சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் அது சரி. ஆட்டோமேட்டிக், அதிலும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் அது கியர்பாக்ஸுக்கு உலை வைக்கும் யோசனை.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு பகுதிகளும் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. நியூட்ரல் போட்டால் போதும் என்ற நினைப்பை விடுங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம் இது. "அண்ணே, நியூட்ரல்ல போட்டுட்டேன், இழுங்க" என்பார்கள். நியூட்ரல் துண்டிப்பது எஞ்சினின் இழுவையை மட்டும்தான். கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அப்படியே இருக்கும். சக்கரம் உருண்டால், கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இணைக்கும் நீளத் தண்டான புரொப்பலர் ஷாஃப்ட் சுற்றும், அதோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் சுற்றும்.

மேனுவல் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் ஆயிலில் முங்கிக் கிடப்பதால், சுற்றும்போதே ஆயிலை வாரித் தங்கள் மேலேயே போட்டுக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது ஒரு ஆயில் பம்பு. அந்தப் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்ற வண்டியை இழுத்தால் பம்பு தூங்கும், உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்தபடி சுற்றும். கொஞ்ச தூரத்திலேயே சூடு ஏறி, புஷ், பேரிங், கிளட்ச் தட்டு என்று வரிசையாகப் போகும். சி.வி.டி., டூயல் கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பார்க்கில் வைத்து இழுப்பது இன்னும் மோசம். பார்க் என்பது உள்ளே ஒரு சிறிய இரும்பு நாக்கு பல்லில் விழுந்து ஷாஃப்டைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ரெண்டு டன் வண்டியை அதோடு மல்லுக்கட்டி இழுத்தால், டயர் தேயும் அல்லது நாக்கு உடையும்.

அடுத்தது, கொக்கி வண்டியில் முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போவது. முன்சக்கர இழுவை உள்ள சாதாரண காருக்கு அது சரியான முறை. நாலு சக்கர இழுவை வண்டியில் பின்சக்கரம் உருளும், முன்சக்கரம் கட்டப்பட்டு நிற்கும். இந்த வேக வித்தியாசத்தை, நடுவில் முன், பின் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் தாங்க வேண்டும். அது வழுக்கி வழுக்கிச் சூடேறி எரியும். சில சமயம் தூக்கி வைத்த முன்சக்கரமே சுழல முயன்று கட்டை விட்டு வெளியே வரப் பார்க்கும்.

ஆகவே கணக்கு இரண்டே இரண்டு: நாலு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும், அல்லது சக்கரம் உருண்டாலும் கியர்பாக்ஸ் அசையாதபடி துண்டித்திருக்க வேண்டும். பாதி மேலே, பாதி கீழே என்ற சமரசம்தான் அதிகமாகக் கெடுக்கிறது.

2. உங்கள் வண்டி எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

பின்கதவில் 4×4 என்று ஒட்டியிருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஜீப் காம்பஸிலும் அது இருக்கும், மஹிந்திரா தாரிலும் இருக்கும். உள்ளே இரண்டும் வேறு வேறு சாதிகள்.

முதல் வகை, தேவைப்பட்டால் மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றும் வண்டிகள். இவற்றில் கியர்பாக்ஸின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியே ஒரு பெட்டி இருக்கும். 2ஹெச் (ரெண்டு சக்கரம்), 4ஹெச் (நாலு சக்கரம்), 4எல் (நாலு சக்கரம், குறைந்த வேகத்தில் அதிக இழுவை) என்று நிலைகள் இருக்கும். சாதாரண ஓட்டத்தில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். மூன்று கதவு உள்ள தாரில் இதற்கென்று தனி லிவர் உண்டு, அதில் 4ஹெச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவே நியூட்ரல் ஒன்றும் உண்டு. ஜீப் ரேங்ளரிலும் அப்படியே. ஃபார்ச்சூனரில் லிவருக்குப் பதில் திருகும் குமிழ். அதில் நியூட்ரல் என்ற இடமே கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தால் இரண்டுக்கும் வழிமுறை மாறிவிடுகிறது.

இரண்டாவது வகை, எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை முதன்மையாக இழுக்கவிட்டு, வேண்டும்போது பின்சக்கரத்துக்குத் தானாகவே இழுவை அனுப்பும் வண்டிகள். காம்பஸ், எக்ஸ்யூவி 700-இன் ஆல்-வீல் டிரைவ், ஸ்கோடா கோடியாக் எல்லாம் இதில் சேரும். ஓட்டுநர் துண்டிக்கக்கூடிய நியூட்ரல் இதில் இல்லை. இவற்றுக்கு ஃபிளாட்பெட் (நாலு சக்கரத்தோடும் வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் மேடை லாரி) ஒன்றே வழி. நீங்கள் இந்த வகை என்றால் ஏழாவது, எட்டாவது பகுதிகளை விட்டுவிடலாம்.

வண்டியோடு வந்த கையேட்டில் 'இழுத்துச் செல்லுதல்' என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் அவசரக் காலக் குறிப்புகளோடு. அதைப் படியுங்கள். கையேடு சென்னை வீட்டு அலமாரியில் இருந்தால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். நான் இங்கே சொல்வதும் கையேடு சொல்வதும் மாறினால் கையேடு சொல்வதுதான் செல்லும்.

3. கையில் இருக்க வேண்டியவை

சாவி. சிரிக்காதீர்கள். வண்டி காரைக்குடியிலும் சாவி கோலாலம்பூரிலும் இருக்கும் நிலையில் ஃபிளாட்பெட்டைக் கூப்பிட்டு, வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சாவியில்லாமல் ஸ்டீயரிங் பூட்டு திறக்காது, கியர் பார்க்கை விட்டு நகராது.

அப்புறம் நன்றாகச் சார்ஜ் உள்ள ஒரு பேட்டரி, தடித்த ஜம்பர் கேபிள். சக்கரத்துக்கு அண்டைக் கொடுக்க நாலு மரக்கட்டை. டயரில் காற்று அடிக்கும் சிறிய பம்பு. நாள்பட நின்ற வண்டியில் காற்று இறங்கியிருக்கும், தட்டை டயரோடு மேடையில் ஏற்றினால் ரிம் அடிபடும்.

வண்டியின் டூல் பையில் டோ ஹூக் (வண்டியை இழுக்க மாட்டும் வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது பம்பரில் சின்ன மூடியைத் திறந்து திருகிப் பொருத்தும் வகை. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் அது இடப்புறம் திருகினால் இறுகும். வழக்கம்போல வலப்புறம் திருகிப் பார்த்துவிட்டு "மரை போச்சு" என்று சுத்தியலால் தட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கடைசி மரை வரை உள்ளே போக வேண்டும், ஸ்பேனர் கம்பியை வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள். பாதியில் நின்றால் இழுக்கும்போது வளைந்துவிடும்.

4. போனில் என்ன சொல்ல வேண்டும்

இன்சூரன்ஸோடு வரும் சாலை உதவியைக் கூப்பிட்டு "வண்டி நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னால், பக்கத்தில் இருக்கும் கொக்கி வண்டியை அனுப்பிவிடுவார்கள். அது காரைக்குடியிலிருந்து உங்கள் ஊருக்கு வந்த பிறகு "இது வேண்டாம்" என்று சொன்னால் சண்டைதான் மிஞ்சும். முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: "ஆட்டோமேட்டிக், நாலு சக்கர டிரைவ், ஃபிளாட்பெட் மட்டும் அனுப்புங்க."

அடுத்து இவற்றைச் சொல்லுங்கள்: சக்கரம் உருளுமா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா, சாவி இருக்கிறதா, வண்டி எங்கே நிற்கிறது. நம் ஊர்களில் கடைசிக் கேள்விதான் முக்கியம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கார் ஷெட் பெரும்பாலும் பின்தெருப் பக்கம் இருக்கும். முன்வாசல் விலாசத்தைக் கொடுத்தால் ஃபிளாட்பெட் தப்பான தெருவில் வந்து நிற்கும், அந்த நீள வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

ஊர் நுழைவாயில் வளைவையும், தெருவில் தொங்கும் கேபிள் வயரையும் நினைவில் வையுங்கள். ஃபார்ச்சூனர் மாதிரி வண்டி தனியாகவே 1.8 மீட்டருக்கு மேல் உயரம். மேடை தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ரெண்டும் சேர்ந்தால் மூன்று மீட்டரை நெருங்கும். வளைவுகள் பெரும்பாலும் தாங்கும், கேபிள் வயர் தாங்காது.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033-க்கு அடிக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி வரும் சாலையில் நிற்கிறீர்கள் என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் கிரேன். வண்டியைச் சாலையோரம் ஒதுக்குவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், ஊர் வரை அதில் போகாதீர்கள்.

5. செத்த வண்டியை உருளவிடுவது

வரிசை இது: முதலில் கட்டை, பிறகு கரண்ட், பிறகு ஸ்டீயரிங், பிறகு கியர், கடைசியாக ஹேண்ட் பிரேக்.

நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நம் பக்கத்து கார் ஷெட்டுகள் தெருவை நோக்கிச் சரிவாக இருக்கும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர், எஞ்சின் நின்றபோது வேலை செய்யாது. ரெண்டு மூன்று மிதியில் மிச்சமிருக்கும் வேக்குவமும் தீர்ந்து, பெடல் கல் மாதிரி ஆகிவிடும். உருள ஆரம்பித்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து ஜம்பர் கேபிள். நல்ல பேட்டரியின் பிளஸ்ஸைச் செத்த பேட்டரியின் பிளஸ்ஸுக்குக் கொடுங்கள். மைனஸை நல்ல பேட்டரியிலிருந்து எடுத்து, செத்த வண்டியின் எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி மேலேயே மாட்டினால் பொறி பறக்கும்போது பேட்டரி வாயு தீப்பிடிக்கலாம். பாதி நேரம் இந்தக் கட்டத்திலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், இழுக்கும் வேலையே இருக்காது. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீணாக அலைக்கழிக்க வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் கேபிளைக் கழற்றாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டு திறப்பதற்கும், மின்சார ஹேண்ட் பிரேக் விடுவதற்கும், குமிழ் வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் 2ஹெச்சுக்கு வருவதற்கும் இந்தக் கரண்ட் வேண்டும். கேபிளை முதலில் கழற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து மறுபடி மாட்டுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

கியர் பார்க்கை விட்டு வரவில்லையா? லிவருக்குப் பக்கத்தில், நகக்கண் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று படாது, விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணியைச் சுற்றி அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு சிறு துளை. பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ துளைக்குள் விட்டு அழுத்தியபடியே லிவரை நகர்த்தினால் 'டக்' என்று விடுபடும். மின்சார லிவர் உள்ள புது வண்டிகளில் இந்தத் துளை இருக்காது. அதற்கும் கையேடுதான் வழி.

மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டே கிடந்த வண்டியில், லிவரை இறக்கினாலும் பின்சக்கரம் விடாது. பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். டிரம்மின் சுற்றுவட்டத்தில் மரச்சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும். விடாத சக்கரத்தை வின்ச்சால் (கம்பியைச் சுருட்டி வண்டியை ஃபிளாட்பெட் மேல் இழுக்கும் கருவி) இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள், சக்கரத்தின் அடியில் வைக்கும் டாலியைக் கேளுங்கள். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் இழுத்து, கறுப்புக் கோடு விழுந்து, ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட டிரைவர்கள் இருக்கிறார்கள்.

6. ஃபிளாட்பெட்டில் ஏற்றுவது

ஏற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அடிபம்பர் தெரிகிற மாதிரி. கீறல் யாரால் வந்தது என்ற பேச்சு பின்னால் வரும்.

ஃபிளாட்பெட்டும் உங்கள் வண்டியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணலாக வின்ச் இழுத்தால் முன்சக்கரம் மேடை விளிம்பில் ஏறி இறங்கும். தெரு ஒடுக்கமாக இருந்தால், ஷெட்டிலிருந்து நேரே ஏற்ற முயல வேண்டாம். முதலில் கையால் தள்ளி வெளியே எடுத்து, தெருவின் போக்கில் நிறுத்திக்கொண்டு பிறகு ஏற்றுங்கள். நாலைந்து பேர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நியூட்ரலில் கையால் நகர்த்தும் இந்தச் சில மீட்டரால் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. தூரமும் வேகமும்தான் கெடுக்கும்.

வின்ச் கொக்கியை டோ ஹூக்கில் மட்டும் மாட்டுங்கள். லோயர் ஆர்மிலோ, ஸ்டீயரிங் ராடிலோ, பம்பர் கம்பியிலோ மாட்டக் கூடாது. ரெண்டு டன் எடை சரிவில் ஏறும்போது அவை வளையும், வீல் அலைன்மென்ட் ஒழியும். வின்ச் ஓடும்போது கம்பிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் திண்ணைக்கு அனுப்புங்கள்.

மேலே ஏறியதும் கியரைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிறகு நாலு டயருக்கும் பெல்ட் கட்ட வேண்டும். பெல்ட் டயரைச் சுற்றி வர வேண்டும். சேசிஸில் போட்டு இறுக்கினால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தளரும், எழும்பும்போது வெட்டி இழுக்கும். டயரைப் பிடித்துக் கட்டினால் மேலே வண்டி ஆடினாலும் பிடி தளராது. வின்ச் கம்பி ஒன்றே போதும் என்று கிளம்பும் டிரைவரிடம் தயங்காமல் பேசுங்கள். கொஞ்ச தூரம் போனதும் ஓரம்கட்டி, பெல்ட்டை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். முதல் சில கிலோமீட்டர்களில் அது கட்டாயம் தளர்ந்திருக்கும்.

7. டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ள வண்டி

தார், ரேங்ளர் போல லிவரில் நியூட்ரல் உள்ளவற்றில், கையேடு அனுமதித்தால், நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்ததும் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். சக்கரம் உருளும், கியர்பாக்ஸ் சும்மா இருக்கும்.

லிவர் நியூட்ரலில் விழுந்ததாகத் தெரிவதும் உண்மையில் விழுந்திருப்பதும் ஒன்றல்ல. சோதிக்க எளிய வழி: சமதளத்தில், சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டைகளை வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிரேக்கில் காலை வைத்தபடி இருக்கட்டும். கியரைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, மெதுவாகத் தள்ளுங்கள். கியர் பார்க்கில் இருந்தும் வண்டி உருண்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் நிஜமாகவே நியூட்ரல். உருளாமல் முட்டி நின்றால் இன்னும் பல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி போடுங்கள்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் எதையும் பிடிக்காது. "பார்க்குல தானே இருக்கு" என்று இறங்கிப்போனால் வண்டி தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும். கட்டையும் ஹேண்ட் பிரேக்கும் மட்டுமே பிடி. இழுத்து முடித்து நிறுத்தியதும் முதல் வேலையாக டிரான்ஸ்ஃபர் கேஸை 2ஹெச்சுக்குக் கொண்டுவாருங்கள்.

8. புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றி இழுப்பது

ஃபிளாட்பெட் கிடைக்கவே கிடைக்காது, நியூட்ரலும் இல்லை, வண்டி முதல் வகை என்றால் இந்த வழி உண்டு. இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் படித்து வைத்துக்கொண்டால் மேற்பார்வை பார்க்கலாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் 2ஹெச்சில் இருக்க வேண்டும். அந்த நிலையில் முன்பக்க ஷாஃப்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பில்லை. பின்பக்க ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர்பாக்ஸைச் சுற்ற எதுவும் மிச்சமில்லை. குமிழ் வகையில் பேட்டரி இல்லாமல் குமிழை மட்டும் திருப்பினால் உள்ளே ஒன்றும் மாறாது. கரண்ட் கொடுத்து, மீட்டரில் 4×4 விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே கீழே படுக்க வேண்டும்.

ஷாஃப்ட் பின் கிரவுனோடு (பின் ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) சேரும் இடத்தில், ரெண்டு ஃபிளாஞ்சையும் (போல்ட் போட்டு இணைக்கும் தகடுகள்) சேர்த்துச் சாக்பீஸாலோ பெயிண்டாலோ ஒரு கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே கோடு சேர வேண்டும். மாறினால் வேகத்தில் அதிர்வு வரும், அப்புறம் வீல் பேலன்ஸ், டயர் என்று தேவையில்லாத செலவெல்லாம் செய்துகொண்டிருப்பீர்கள். போல்ட்டுகளைக் கழற்றியதும் ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே இழுத்துக் கட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சொருகும் வகையாக இருந்தால், முழுதாக உருவினால் அந்தத் துளை வழியே ஆயில் ஊற்றும். அதை அடைக்காமல் இழுக்கக் கூடாது.

ஷாஃப்ட் போன பிறகும் பார்க் பிடிக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே கட்டை இருந்திருக்க வேண்டும், வண்டிக்குக் கீழே ஆள் படுத்திருக்கிறார்.

எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் எஞ்சின் நேராக வைத்த வண்டிகளில் முன், பின் ரெண்டு ஷாஃப்டையும் கழற்ற வேண்டும். காம்பஸ் மாதிரி எஞ்சின் குறுக்கே உள்ளவற்றில் முன்சக்கர ஆக்சில் ஷாஃப்ட் வீல் பேரிங்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை உருவி எடுத்து வண்டியை உருட்ட முடியாது. அதனால்தான் இவற்றுக்கு ஃபிளாட்பெட் ஒன்றே வழி என்றேன்.

9. கயிற்றில் இழுத்தே ஆக வேண்டும் என்றால்

ஏழோ எட்டோ முடித்த வண்டியைத்தான் கயிற்றில் கட்டலாம். இதற்கு ஒரு விலக்கு: சில தயாரிப்பாளர்கள் ஆட்டோமேட்டிக்கை நியூட்ரலில் 50 கிலோமீட்டர் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்ற எல்லைக்குள் இழுக்க அனுமதிப்பதுண்டு. உங்கள் கையேட்டில் அச்சில் இருந்தால் மட்டும் அது உங்களுக்கு. பக்கத்து வீட்டு வண்டிக்குச் சொன்னது செல்லாது.

இழுக்கும் வண்டி எடையில் குறைந்ததாக இருக்கக் கூடாது. ஃபார்ச்சூனரை ஆம்னி வேனில் கட்டிப் பார்க்கும் துணிச்சல் நம் ஊரில் உண்டு. இழுப்பதுகூட நடந்துவிடும், நிறுத்துவதுதான் நடக்காது. பெல்ட் வண்டி எடையைப் போல ரெண்டு மடங்காவது தாங்குவதாக இருக்கட்டும். கிணற்றுக் கயிறு, சங்கிலி ரெண்டும் வேண்டாம். சங்கிலியில் தளர்ச்சி நீங்கும் நொடியில் அடி முழுதும் ஹூக்கில் விழும்.

ரெண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, பின்வண்டியில் உட்காருபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், பின்னால் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை தொங்க வேண்டும் என்பது சட்டம். பெல்ட்டின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். நாலு இண்டிகேட்டரும் எரியட்டும்.

பின்வண்டியில் சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பவர் ஸ்டீயரிங் இருக்காது, பிரேக் கல்லாக இருக்கும். இதைத் தெரிந்து, கையிலும் காலிலும் பலம் உள்ளவரை உட்கார வையுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் பையனை உட்கார வைத்துவிடுகிறார்கள். இழுக்கும் வண்டியை ஓட்டுவதைவிட இது சிரமமான வேலை. பெல்ட் எப்போதும் விறைப்பாக இருக்கும்படி பின்வண்டிக்காரர் லேசாகப் பிரேக்கைத் தொட்டபடியே வர வேண்டும். தளர்ந்தால் பெல்ட் தரையில் உரசி முன்சக்கரத்தில் சிக்கும்.

கிளம்புவதற்கு முன் சைகைகளைப் பேசிக்கொள்ளுங்கள்: ரெண்டு ஹாரன் என்றால் நிறுத்து. வேகம் 20, 25-க்குள். இந்த வேகத்தில் நெடுஞ்சாலையில் ஏறுவது உயிரோடு விளையாட்டு. ஊருக்குள், பக்கத்து மெக்கானிக் வரை மட்டும்தான் கயிறு. திருச்சி, மதுரை சர்வீஸ் சென்டர் என்றால் பேச்சே வேண்டாம், ஃபிளாட்பெட்தான். இரவில் காலை வரை காத்திருங்கள்.

10. கண்மாய்ச் சேற்றில் சிக்கியது வேறு கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்குள் இறங்கிப் புதைந்த வண்டியை வெளியே எடுப்பதையும், ஓடாத வண்டியை இழுத்துச் செல்வதையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். சேற்றில் சிக்கிய வண்டியில் எஞ்சின் ஓடுகிறது. பம்பு ஓடுகிறது. அதனால் 4எல்லில் போட்டு, வண்டி தன் சக்கரத்தாலும் உதவ, வெளியிலிருந்து மெதுவாக இழுக்கலாம்.

டிராக்டர் வருவதற்குள் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் உள்ள களிமண்ணை வெட்டிச் சரிவு பண்ணிவிடுங்கள். பலகையோ பனைமட்டையோ அடியில் திணியுங்கள். பாதி வேலை அதில் முடியும். வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுப்பதுதான் பெரும்பாலும் சுலபம்.

டிராக்டர்க்காரரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: "அண்ணே, வெடுக்குனு இழுக்காதீங்க." முதலில் பெல்ட் விறைக்கட்டும், பிறகு ஒரே சீரான இழுவை. பெல்ட் மேல் நனைத்த சாக்கைப் போட்டுவையுங்கள். அறுந்தால் அது வீச்சைக் குறைக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பெல்ட்டைக் கட்டவே கூடாது. உருண்டை முறிந்து பறந்தால் துப்பாக்கிக் குண்டுதான்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கரைக்கு மட்டும் இழுத்துவிட்டு, அங்கிருந்து ஆறாவது பகுதிக்குப் போங்கள்.

11. இறக்கிய பிறகு

ஒர்க்‌ஷாப்பில் இறக்கும்போது, மெக்கானிக்கிடம் வண்டி எப்படி வந்தது என்று சொல்லுங்கள்: மேடையிலா, கயிற்றிலா, ஷாஃப்ட் கழற்றியா. ஷாஃப்ட் கழற்றியிருந்தால் ஸ்டீயரிங்கில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் வேறு ஒருவர் வந்து ஸ்டார்ட் பண்ணி, டிரைவில் போட்டு, "கியர்பாக்ஸ் போச்சு" என்று உங்களுக்குப் போன் அடிப்பார்.

உங்களுக்கு முன்பே யாராவது தெரியாமல் இழுத்துவிட்டிருந்தால், எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் ஏற்கெனவே சூடேறியிருக்கிறது. சிவப்பாக விடப்படும் வகை ஆயிலாக இருந்து, நிறம் மாறாமல், வாடையில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பித்தது. பிறகு லெவல் பார்த்து, பேட்டரி மாற்றி, ஸ்டார்ட் பண்ணலாம்.

ஊருக்குத் திரும்பப் போகும்போது பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல், பார்க்கில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் மைனஸைக் கழற்றுவதற்கு முன்பே பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். ஒரு சாவியை ஊரில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவையுங்கள்.